பெரியம்மா எடுத்த துணி

பெரியம்மாவுடன் கும்பகோணத்துக்குத் துணி எடுக்கப் போக வேண்டும் என்றால் முதல் நாளே நான் ஏதாவது சாக்குத் தேட ஆரம்பித்துவிடுவேன். தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ எடுக்கிற துணி இல்லை அது. அவள் கையால் தைக்கும் ஒட்டுப்போர்வைகளுக்கான துணி.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. அம்மா டைபாய்டு வந்து இறந்துபோனாள். அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு திருச்சிக்குக் குடிபோனார். போகும்போது என்னைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அவளுக்குப் பிள்ளை இல்லை. பெரியப்பாவுக்கு ஆற்றுப் பாசனத்தில் நிறைய நிலம். ஊரில் அவர்கள் வீட்டைப் பண்ணை வீடு என்றுதான் சொல்வார்கள். அந்த வீட்டில் நான் மகளும் இல்லை, வேலைக்காரியும் இல்லை. பகலில் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் பெரியம்மாவுக்கு ஊசி கோத்துக் கொடுக்க வேண்டும்.

சின்ன வயதில் அவள் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தவள். அந்தத் தையல் அங்கே கற்றது. துணியைச் சின்னச் சின்னதாக ஆறு மூலைத் துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டையும் ஒரு காகித அச்சின் மேல் மடித்துத் தைக்க வேண்டும். பிறகு அவற்றைப் பூப்பூவாகச் சேர்க்க வேண்டும். கடைசியில் நடுவே பழைய வேட்டிகளை அடுக்கி, கீழே நீளமாக உள்துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்து நெருக்கமாகத் தைத்தால் ஒரு போர்வை. முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அந்தப் போர்வைகள் தாசில்தார் வீட்டுக்கும், டாக்டர் வீட்டுக்கும், சொந்தத்தில் வசதியாக இருந்தவர்கள் வீட்டுக்கும் போயின. வாங்கிக்கொண்டவர்கள் பெரியம்மாவின் விரல்களைப் பிடித்துப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள்.

தையல் இடைவெளி விட்டிருந்தால் அவள் என் விரலைப் பிடித்து ஊசியின் முனையை நகத்துக்குக் கீழே வைப்பாள். குத்த மாட்டாள். நானாகக் கையை இழுப்பேன், அப்போது குத்திக்கொள்ளும். "பாத்தியா, நீயே குத்திக்கிட்டே" என்பாள். அவள் குரலை உயர்த்தி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

கடைக்கு வருகிறேன். பெரிய தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்குத்தான் எப்போதும் போவோம். பெரியம்மா படியேறியதும் முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து கும்பிடுவார். அவளுக்கு நாற்காலி, மின்விசிறி, காபி. நான் ஜமக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வேன். துணி எடுத்துப்போட வருபவர் எப்போதும் ஒரே ஆள்தான். நாற்பது வயதிருக்கும். இடது கண்ணில் பூ விழுந்திருந்தது.

"அந்தப் பச்சையைக் காட்டுப்பா."

ஏணியில் ஏறி எடுத்துவந்து விரிப்பார்.

"இது இல்ல. அதுக்கு மேல உள்ளது."

மறுபடி ஏறுவார். அலமாரி பாதி காலியாகும்வரை அது நடக்கும். சீட்டி, வாயில், பாப்ளின், பூப்போட்டது, கட்டம் போட்டது எல்லாம் அவள் முன்னால் மலையாகக் கிடக்கும். பிறகு ஒவ்வொன்றிலும் கால் மீட்டர் கேட்பாள்.

"கால் மீட்டரா கிழிச்சா மிச்சம் ரவிக்கைக்கும் ஆவாதுங்கம்மா. கொஞ்சம் கூடப் போட்டுத் தாங்க" என்று அவர் சொல்வார்.

பெரியம்மா அவருக்குப் பதில் சொல்ல மாட்டாள். கல்லாவைப் பார்த்து, "வர்ற தையில வீட்ல ஒரு விசேஷம் இருக்கு. பட்டு உங்ககிட்டதான் எடுக்கலாம்னு இருக்கோம்" என்பாள். உடனே முதலாளி, "அம்மா கேட்டபடி கிழிடா" என்பார். அந்தத் தை வந்து போகும். விசேஷம் எதுவும் வராது. அடுத்த முறையும் அதையே சொல்வாள். முதலாளியும் அதையே நம்புவார். பெரிய இடத்துக்காரர்கள் சொல்லும்போது நம்பாமல் இருப்பது கடைக்காரருக்கு முடிகிற காரியமில்லை.

ஒரு தடவை பெரியம்மா கைப்பையிலிருந்து தையல் நாடாவை எடுத்து, கிழித்துக் கொடுத்த துண்டை அளந்தாள். ஒரு விரல் அகலம் குறைந்தது.

"உங்க ஆளுக்குக் கை நீளம்போல இருக்கே" என்றாள் சிரித்துக்கொண்டே.

முதலாளி இறங்கி வந்தார். மீட்டர் கம்பியை எடுத்து அந்த மனிதரின் புறங்கையில் அடித்தார். கல்யாண வயசில் பெண் இருக்கக்கூடிய ஆளை, கடை நிறைய ஜனம் பார்க்க, பள்ளிக்கூடப் பிள்ளையை அடிப்பதுபோல அடித்தார். அவர் கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டு, "வெளிச்சம் சரியா இல்லீங்க" என்று மட்டும் சொன்னார். முதலாளி விலையிலும் குறைத்துக்கொண்டார். பெரியம்மா காபியை முடித்துவிட்டு எழுந்தாள். பஸ்ஸில் வரும்போது, "ஒரு மீட்டருக்கு எவ்வளவு மிச்சம் பிடிச்சேன் பாத்தியா?" என்று என்னைக் கேட்டாள்.

இதெல்லாம் ஆட்சி மாறிய புதிதில் நடந்தது. பெரியப்பாவும் வேட்டிக் கரையைப் புதுக் கட்சியின் நிறத்துக்கு மாற்றிக்கொண்டார். மேடைக்கு மாலை வாங்கிக் கொடுப்பார், கூட்டத்துக்கு வண்டி கட்டி அனுப்புவார். அப்படியும் நில உச்சவரம்பு வந்தபோது அவருக்குத் தூக்கம் போயிற்று. நிலத்தைப் பிரித்துப் பிரித்து உறவுக்காரர்கள் பெயரில் எழுதினார். எனக்குப் பதினெட்டு முடிந்த வாரத்தில் என்னையும் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு அழைத்துப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமே எனக்கு இல்லை.

இன்னொரு பக்கம் கூலித் தகராறு. அறுப்புக் கூலியாக இத்தனை நெல் கொடுக்க வேண்டும் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. பண்ணைகளில் யாரும் கொடுக்கவில்லை. சேரியில் சங்கக் கொடி ஏற்றினார்கள். வாய்க்கால் கரையில் போலீஸ் வேன் நிற்பது வழக்கமாகிவிட்டது. குத்தகைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வக்கீலுக்குப் பணம் போக ஆரம்பித்ததும் பெரியப்பா முதலில் கை வைத்தது பெரியம்மாவின் துணிச்செலவில்தான்.

"இனிமே போர்வைக்குன்னு ஒரு காசு கிடையாது. உன் ஒரு போர்வைக்குக் கடையில அழுவுற பணத்துல ஒரு கறவை மாடு வாங்கலாம்" என்றார்.

பெரியம்மா காகித அச்சுகளை டப்பாவில் போட்டு மூடினாள். ஆனால் அவள் கைகள் சும்மா இருக்கக் கஷ்டப்படுவதை நான் பார்த்தேன். சாப்பிட்ட பிறகும் விரல்கள் இலையின் ஓரத்தை மடித்து மடித்து அழுத்திக்கொண்டிருக்கும்.

அந்த வருஷம் சம்பா அறுப்புக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் அரிவாள் எடுக்கவில்லை. புதுக் கூலி கொடுத்தால் இறங்குகிறோம் என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். பெரியப்பா வெளியூரிலிருந்து ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். போலீஸ் காவல் இருக்க, அறுப்பு முடிந்து நெல் களத்துக்கு வந்துவிட்டது. வரப்பில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு மணி நெல் கிடைக்கவில்லை. கோடை முழுக்க அவர்கள் எதைத் தின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. வாய்க்காலில் நத்தை பொறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவுக்கு நாற்று தயாரானபோது, அந்தப் பெண்கள் பழைய கூலிக்கே வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பெரியப்பாவுக்குச் சந்தோஷம். "வரச் சொல்லு" என்றார். அப்போது பெரியம்மா குறுக்கே வந்தாள்.

"சும்மா எறங்க முடியாது. பொங்கலுக்கு நான் சேலை எடுத்துக் குடுத்தேன்ல. அதைக் கட்டிக்கிட்டே வரப்புல உக்காந்தாளுங்க. மொதல்ல அதைத் திருப்பிக் குடுக்கட்டும்."

ஒவ்வொரு பொங்கலுக்கும் வயல்வேலைப் பெண்களுக்கு ஆளுக்கொரு நூல்சேலை கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். கும்பகோணத்துக் கடையில் மொத்தமாக எடுப்பாள். இருப்பதிலேயே மலிவான ரகம். முரட்டுச் சேலைதான். ஆனால் அவர்களுக்கு அதுதான் வருஷத்துக்கு ஒரு சேலை.

மறுநாள் காலையில் அவர்கள் கொல்லைப்புறம் வந்து நின்றார்கள். துவைத்து மடித்த சேலைகள் கையில் இருந்தன. பெரியம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கும்படி என்னிடம் சொன்னாள். சேலையை என் கையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

ஒருத்தி மட்டும் வெறுங்கையோடு நின்றாள். உயரமாக, எலும்பும் தோலுமாக இருப்பாள். நடவு வரிசையில் அவள்தான் எப்போதும் முதல் ஆளாக நாற்றைப் பிடிப்பாள். பெரியம்மா கொடுத்த சேலையை அவள் உடம்பில் கட்டியிருந்தாள்.

"உன்னோடது எங்க?"

"இதாங்கம்மா. இது ஒண்ணுதாங்க இருக்கு. இன்னொண்ண எம்மவ கட்டியிருக்கா. வயசுக்கு வந்துட்டாங்க. நாளைக்கு மாத்திக்கிட்டுக் கொண்டாந்து தந்துடறேங்க."

"நாளைக்கா? நாளைக்கு நடவாச்சே."

"சாயந்தரம் தாரேங்கம்மா."

"எனக்குச் சாயந்தரம் வேற வேலை இருக்கு. கழட்டிக் குடுத்துட்டுப் போ."

அவள் சிரித்தாள். கேலிக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தாள்போல. பிறகு பெரியம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "அம்மா, களத்துல ஆம்பளையாளுங்க நிக்கிறாங்க" என்றாள் மெதுவாக.

"அது உன் பாடு. நடவுக்கு வர்றியா இல்லியா?"

மற்ற பெண்கள் சட்டென்று அவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நடுவில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வயதான ஒருத்தி தன் தலையில் சும்மாடாகச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். இன்னொருத்தியும் அவிழ்த்தாள். இரண்டையும் முடிச்சுப் போட்டு உள்ளே நீட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சேலை ஒரு கை வழியாக வெளியே வந்தது. மடிக்காமல் சுருட்டியபடி, உடம்புச் சூட்டோடு என் கைக்கு வந்தது.

அவள் அந்த முடிச்சுத் துணியோடும் கிழிந்த ரவிக்கையோடும் வாய்க்கால் கரைமேல் நடந்து போனாள். துணி முழங்காலுக்கு எட்டவில்லை. பெண்கள் கூடவே போனார்கள். களத்தில் நின்ற லாரிக்காரன் விசிலடித்தான். பெரியப்பா எங்கேயும் போகவில்லை. களத்து வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தார். பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

பெரியம்மா எழுந்து அடுக்கிலிருந்த சேலைகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அஞ்சாறு மாசத்துக்குள்ள வெயில்லயும் சேத்துலயும் கெடந்து எப்படி வெளுத்திருக்கு பாரு. இந்த மாதிரி நெறம் கடையில காசு குடுத்தாலும் கெடைக்காது" என்றாள்.

சேலைகளைச் சோடா போட்டு வேகவைத்தோம். மூன்று நாள் காயப்போட்டோம். டப்பாவைத் திறந்து காகித அச்சுகளை எடுத்தாள். அவள் வெட்ட, நான் மடித்துத் தைத்தேன். தவிட்டு நிறம், மங்கிய சிவப்பு, நீர்த்துப்போன நீலம். எவ்வளவு அலசியும் துணியிலிருந்து சேற்று வாசனை போகவில்லை. அவள் தைத்ததிலேயே அதுதான் அழகான போர்வை. அதைச் சொல்லத்தான் வேண்டும். பொய் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உயரமான அந்தப் பெண்ணின் சேலை மங்கிய சிவப்பு. ஒவ்வொரு பூவுக்கும் நடுவில் அதைத்தான் வைத்தாள். "உனக்குத்தான் தைக்கிறேன். உன் கல்யாணத்துக்கு" என்றாள்.

மூன்று நாலு மாதம் கழித்து மேல்பாகம் முடிந்தபோது உள்துணிக்கு ஒன்றும் இல்லை. அதற்கு ஒரே நீளமாகத் துணி வேண்டும். பெரியப்பாவிடம் கெஞ்சி ஒரு தொகை வாங்கினாள். அவளுக்கு அப்போது கால் வீங்கியிருந்தது. அதனால் முதல்முறையாக என்னைத் தனியாக டவுன் பஸ்ஸில் கும்பகோணம் அனுப்பினாள். "நல்ல மல் துணியா, அஞ்சு மீட்டர். வெலையில விட்டுக் குடுக்காதே" என்றாள்.

பஸ்ஸில் போகும்போதே நான் முடிவு செய்துவிட்டேன். மல்லுக்குப் பதில் மலிவான காடாத்துணி எடுப்பது. மிச்சப் பணத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு நூல்சேலை.

கடையில் எனக்கு நாற்காலி கிடைக்கவில்லை. கண்ணில் பூ விழுந்தவர் என்னை நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, எனக்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் துணி காட்டினார். வெயில் ஏறி, கூட்டம் வந்து போய், முதலாளி சாப்பிடப் போன பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"என்ன வேணும்?"

காடாத்துணி கேட்டேன். கிழித்துக் கொடுத்தார். பிறகு நூல்சேலை கேட்டேன். கட்டிலிருந்து ஒன்றை உருவி என் மடியில் விழும்படி எறிந்தார்.

"வெலை என்னங்க?"

சொன்னார். பெரியம்மா பொங்கலுக்கு எடுத்த விலைபோல ஒன்றரை மடங்கு.

"போன பொங்கலுக்கு இதே சேலை கொறச்சலாத்தானே குடுத்தீங்க?"

அவர் பக்கத்தில் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகப் பேசினார்.

"உங்க பெரியம்மா கால் மீட்டர் கால் மீட்டரா கிழிச்சுட்டுப் போனதுல மிஞ்சின துண்டெல்லாம் யாரு தலையில கட்டுனாரு மொதலாளின்னு நெனச்சே? எந்தலையில. மாசாமாசம் என் சம்பளத்துல பிடிச்சாரு. எம் புள்ளைங்க அத்தனையும் அந்தத் துண்டுத்துணியிலதான் சட்டை போட்டு வளந்துச்சு. ஒரு கை ஒரு கலரு, முதுகு ஒரு கலரு. பள்ளிக்கூடத்துல பொம்மலாட்டம்னு பேரு வச்சானுங்க. வெலை கேக்குறியா நீ? இதான் வெலை. வேணும்னா எடு, இல்லாட்டி எந்திரி."

பக்கத்தில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையில் இருந்ததையெல்லாம் கொடுத்தேன். பஸ்ஸுக்கு மட்டும் மிஞ்சியது. சேலையை மடித்துக் கட்டும்போது முந்தானைப் பக்கத்தில் நெசவு விட்டுப்போன ஓர் ஓட்டை தெரிந்தது. அவரும் அதைப் பார்த்தார். மாற்றித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஊருக்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி, வாய்க்கால் கரையோடு சேரிக்குப் போனேன். அந்த வீட்டு வாசலில் அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லவில்லை. நான் சேலையை நீட்டினேன்.

"பெரியம்மா குடுத்துவுட்டாங்களா?"

"இல்ல. நானா எடுத்தேன்."

"எதுக்கு?"

அவள் சேலையைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, முந்தானையில் இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஓட்டைச் சேலையக் குடுத்து ஏமாத்திட்டான் ஒங்கள" என்றாள். பிறகு, "எனக்கு மட்டும் எடுத்தா ஆச்சுங்களா? அன்னிக்கு எல்லாருந்தானே குடுத்தாங்க. நீங்கதானே வாங்கி அடுக்குனீங்க" என்றாள்.

"எங்கிட்ட அவ்வளவு பணம் இல்ல."

"பணம் இல்லியா?" அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "நாங்க வரப்புல குந்தியிருந்தமே, அந்த மேலவயலு யாரு பேர்ல இருக்குன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"பெரியப்பாவோடது."

"இல்லீங்க. ஒங்க பேர்ல இருக்கு. சங்கத்துல படிச்சிக் காட்டுனாங்க. அஞ்சு ஏக்கரும் ஒங்க பேரு. நாங்க ஒங்ககிட்டதான் கூலி கேட்டு நின்னோம். நெல்லு குடுக்காதது நீங்கதான். கவர்மெண்டு பேப்பர்ல அப்படித்தான் இருக்கு." கோபமாக எதுவும் சொல்லவில்லை. கடைத்தெருவில் வழி சொல்வதுபோலத்தான் சொன்னாள். "சேலையெல்லாம் எடுத்தாராதீங்க. கூலியக் குடுங்க."

நான் திரும்ப நடந்தேன். சேலையைத் திருப்பிக் கொடுப்பாள் என்று நினைத்து ஒரு நிமிஷம் நின்றேன். அவள் அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"வேணாம்னு சொல்ற அளவுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க. போயிட்டு வாங்க" என்றாள்.

வீட்டில் பெரியம்மா காடாத்துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒருமுறை தேய்த்தாள். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

"மல்லு சொன்னேன். மிச்சக் காசு எங்க?"

அவள் என் கையை இழுத்து, ஊசியை எடுத்து, நகத்துக்குக் கீழே வைத்தாள். அந்தத் தடவை நான் கையை இழுக்கவில்லை. அவளே குத்த வேண்டியதாயிற்று. குத்தினாள். நான் வலியில், "மேலவயல் என் பேர்லதானே இருக்கு? அந்தக் காசு என் காசுதானே?" என்று கத்தினேன்.

அவள் ஊசியை உருவி எடுத்தாள். அதை என் பாவாடையில் துடைத்துவிட்டு, "யாரு சொன்னா?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. இரண்டு நாள் கழித்து, அடுத்த போக நடவு வரிசையில் எல்லோரும் கந்தலோடு நிற்க, ஒருத்தி மட்டும் புதுச் சேலையில் நின்றாள். பெரியப்பா கரையிலிருந்தபடியே அவளை மேலே ஏறச் சொன்னார். காலில் சேறோடு ஏறினாள். இனி அந்த ஊரில் எந்தப் பண்ணையிலும் அவளை இறக்கக்கூடாது என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். நான் மாடியிலிருந்து பார்த்தேன். அவள் வாய்க்காலில் கால் கழுவிவிட்டு, ஒருமுறைகூட வீட்டுப் பக்கம் திரும்பாமல் போனாள்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தது அந்த வாரத்தில்தான். சீர்காழிப் பக்கத்தில் ரைஸ்மில்லில் கணக்குப் பார்த்தவர். முதல் மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். எனக்குப் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. முகூர்த்தத்துக்கு முன் ஒரு நாள் என்னை மறுபடி ரிஜிஸ்தர் ஆபீசுக்கு அழைத்துப் போனார்கள். மேலவயலைப் பெரியப்பாவின் தங்கை மகன் பெயருக்கு மாற்றும் பத்திரம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர், "மனப்பூர்வமாத்தானே எழுதிக் குடுக்குறீங்க?" என்று சம்பிரதாயமாகக் கேட்டார். பெரியம்மா என் தோளில் கை வைத்திருந்தாள். நான் தலையாட்டினேன். கையெழுத்துப் போடும்போது விரல் முனை இன்னும் வீங்கியிருந்தது. பேனாவைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை.

அந்தப் போர்வை என் சீர்வரிசையோடு சீர்காழிக்கு வந்தது. மாமியார் அதைப் பிரித்தார். உறவுப் பெண்கள் சுற்றி நின்றார்கள். முதலில் எல்லோரும் "அடடா" என்றார்கள். பிறகு மாமியார் முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"பழஞ்சேலை" என்றார். "பண்ணை வீட்டுல சம்பந்தம் பண்ணோம்னு ஊரெல்லாம் சொன்னேன். கடையில புதுத்துணி எடுக்கவா வக்கில்லாமப் போச்சு? யாரு கட்டிக் கழிச்சதோ. ரெண்டாந்தாரமா வர்றவளுக்கு இது போதும்னு நெனச்சிட்டா போல உங்க பெரியம்மா."

யாருடைய சேலை என்று சொன்னால், போர்வையோடு என்னையும் சேர்த்து வாசலில் வைத்துவிடுவார்கள் என்று தெரியும். அதைப் பரணில் போட்டார்கள். பல வருஷம், வீட்டில் எது நடந்தாலும், மகன் பிறந்து அவனுக்குச் சட்டை வாங்கினால்கூட, "உங்க வீட்டுப் பழஞ்சேலை மாதிரி இல்லியே?" என்று மாமியார் கேட்பார். என் கணவர் மோசமானவர் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒரு மழைக்காலத்தில் ஓடு ஒழுகி, போர்வை நனைந்து, எலி குடும்பம் நடத்தி நாசமாயிற்று. நானே அதைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். வருத்தம் ஒன்றும் வரவில்லை.

பெரியப்பா அந்தக் குத்தகைக் கேஸில் தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. நடந்துகொண்டிருக்கும்போதே செத்துப்போனார். பெரியம்மா அந்தத் தங்கை மகன் வீட்டில் ஓர் அறையில் இருந்தாள். நான் அவளைப் பார்க்கப் போனதில்லை. சாவுக்குப் போனேன்.

போய்த் திரும்பும் வழியில் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். அதிராம்பட்டினம் போகிற பஸ்ஸுக்காக ஒரு கூட்டம். அதில் உயரமாக ஒரு கிழவி. கூன் விழுந்திருந்தும் உயரம் தெரிந்தது. அவள்தான். பக்கத்தில் நாற்பது வயதில் ஒரு பெண். தோளில் கைப்பை, மூக்குக்கண்ணாடி, கையில் டிபன் கேரியர். நான் போய் அவள் எதிரில் நின்றேன்.

அடையாளம் தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஓ" என்றாள். "நல்லாருக்கியா?"

"இருக்கேன். நீங்க?"

"இருக்கேன். அப்பவே பட்டுக்கோட்டைப் பக்கம் போயிட்டோம். செங்கச் சூளையில கெடந்தோம் பத்து வருசம். எம்மாமியா அங்கதான் செத்தா. சின்னவனும் அங்கதான் செத்தான், காய்ச்சல்ல." யாரைப் பற்றியோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"பெரியம்மா நேத்து தவறிட்டாங்க" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நல்லதாகவோ கெட்டதாகவோ ஏதாவது ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"யாரும்மா இவங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நம்ம பழைய ஊரு. பண்ணை வீட்டுப் பொண்ணு" என்றாள் கிழவி. பிறகு, "ஏறு ஏறு, பஸ் வந்துட்டு. எடம் கெடைக்காது" என்று மகளின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.